மண்ணையும் காற்றையும் கெடுக்காத இறுதி ஏற்பாடு: எதற்குப் பின் எது, ஏன்

இறந்த பின் தன் உடலால் நிலத்துக்கும் காற்றுக்கும் கேடு வரக்கூடாது என்று விரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆனால் அந்த விருப்பம் நிறைவேறாமல் போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எங்கேயோ படித்த ஒரு வழி பிடித்துப்போகிறது, அதையே வீட்டாரிடம் சொல்லி வைக்கிறார்கள். அது தாங்கள் இருக்கும் இடத்தில் நடக்குமா, யார் நடத்தித் தருவார்கள், இறந்த அன்றே செய்ய வேண்டியது என்ன என்பவற்றை யாரும் விசாரிப்பதில்லை. கடைசியில் வழக்கமான பெட்டியும் ரசாயனமும்தான் மிஞ்சுகின்றன.

ஆகவே இங்கே வழிகளைப் பற்றிய பேச்சு மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் இரண்டு படிகளைத் தாண்டி நேராக அங்கே போகாதீர்கள். வீட்டில் மரணம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டதென்றால் மட்டும் ஆறாவது படியை முதலில் படியுங்கள்.

1. முதலில் சட்டம், அடுத்தது தூரம்

பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் புதைப்பது, எரிப்பது என்ற இரண்டை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூன்றாவது வழி ஒன்றை அவை தடை செய்யாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி யார் என்று அவற்றில் இருக்காது. உரிமம் பெற்ற நிலையம் இல்லையென்றால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

உடலை உரமண்ணாக்கும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-ல் இதற்குச் சட்டம் இயற்றியது. 2020 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. கொலராடோவும் ஓரிகனும் 2021-ல் சேர்ந்தன. கலிபோர்னியாவில் 2022-ல் சட்டம் கையெழுத்தானது, ஆனால் அது செயல்படத் தொடங்கும் ஆண்டு 2027. சட்டம் வந்துவிட்டது என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டு இன்றே செய்துகொள்ளலாம் என்று நம்பியவர்கள் பலர். கையெழுத்தான தேதி, அமலுக்கு வரும் தேதி, முதல் நிலையம் திறக்கும் தேதி மூன்றும் வெவ்வேறு.

உள்ளாட்சி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: உடலைப் பதப்படுத்துவது, அதாவது அழுகாமலிருக்க ரசாயனம் ஏற்றுவது, கட்டாயமா? குழிக்குள் கான்கிரீட் பெட்டகம் வைக்கச் சொல்வது சட்டமா, அந்த இடுகாட்டின் சொந்த விதியா? பெட்டி இல்லாமல் துணியில் சுற்றி அடக்கம் செய்யலாமா? சொந்த நிலத்தில் அனுமதி உண்டா? இறந்து எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்? வாய்மொழிப் பதிலை நம்பி இருக்காதீர்கள். கவுன்ட்டரில் இருக்கும் ஆள் மாறும்போது பதிலும் மாறும்.

பெட்டகத்தைக் கட்டாயம் என்று சொல்வது பெரும்பாலும் இடுகாட்டு நிர்வாகம்தான். மேல்மண் உள்வாங்காமல், புல் வெட்டும் இயந்திரம் சமமாக ஓடுவதற்காக அப்படி ஒரு விதி வைத்திருப்பார்கள். அது சட்டம் இல்லை என்று தெரிந்தால் இடுகாட்டை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது தூரம். எல்லை தாண்டி உடலைக் கொண்டுபோக வேண்டுமென்றால் பல நாடுகளும் விமான நிறுவனங்களும் பதப்படுத்திய உடலையும், காற்றுப் புகாதபடி மூடிய உலோகப் பெட்டியையும் கேட்கும். ரசாயனம் வேண்டாம் என்று புறப்பட்டவருக்கு அதே ரசாயனம் ஏற்றப்படும். அருகில் கிடைக்கும் ஓரளவு நல்ல வழி, தொலைவில் இருக்கும் சிறந்த வழியைவிட மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

2. உடலைப் பற்றிய விவரங்களைத் திரட்டுங்கள்

இந்தப் படியைப் புதியவர்கள் யாருமே செய்வதில்லை. ஆனால் எந்த வழி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா? எரிப்பதற்கு முன் அதை எடுத்தே ஆக வேண்டும். அதிலுள்ள மின்கலம் வெப்பத்தில் வெடித்து உலையையும் ஆளையும் காயப்படுத்தும். உரமாக்கும் முறையிலும் எடுத்துவிடுவார்கள். இயற்கை அடக்கத்திலும், அதாவது ரசாயனம் இல்லாமல் மண்ணில் புதைக்கும்போதும், எடுப்பதே நல்லது, உலோகமும் மின்கலமும் மண்ணில் கிடக்க வேண்டியதில்லை.

கதிரியக்க மருந்தால் சமீபத்தில் சிகிச்சை நடந்ததா, உடலுக்குள் கதிரியக்கத் துகள்கள் பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை இறுதி ஏற்பாட்டை நடத்துபவரிடம் சொல்லியே தீர வேண்டும். எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் கலக்கும். மருத்துவமனைச் சுருக்க அறிக்கையின் ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்தால் இந்தக் கேள்விக்கெல்லாம் அதிலேயே பதில் இருக்கும்.

தொற்றுநோய் விவரமும் வேண்டும். மூளையைச் சிதைக்கும் பிரியான் நோய், எபோலா, காசநோய் ஆகியவை இருந்தவர்களின் உடலை உரமாக்க வாஷிங்டன் நிலையங்கள் ஏற்பதில்லை. பிரியான் புரதம் உரக்குவியலின் சூட்டில் அழியாது என்பதே காரணம்.

உறுப்பு தானம் செய்ய விருப்பமா? அது இயற்கை அடக்கத்துக்கோ, காரக் கரைசலில் உடலைக் கரைக்கும் நீர்முறைக்கோ, உரமாக்கலுக்கோ தடையில்லை. ஆனால் முழு உடல் தானத்துக்குப் பெரும்பாலும் தடை. கண் தானம் மட்டும் பொதுவாக விதிவிலக்கு.

உயரமும் எடையும் எழுதி வையுங்கள். கலன்களுக்கும் உலைகளுக்கும் உடற்கூறியல் துறைகளுக்கும் ஓர் அளவு வரம்பு உண்டு. கடைசி நாளில் அது தெரியவருவது வீட்டாருக்குத் தாங்க முடியாத அவமானமாகிவிடுகிறது.

3. இப்போது வழியைத் தேர்ந்தெடுங்கள்

இயற்கை அடக்கம்

உடலைப் பதப்படுத்தாமல், மக்கும் துணியிலோ மெல்லிய மரப்பெட்டியிலோ வைத்து, கான்கிரீட் இல்லாமல், ஆழம் குறைந்த குழியில் புதைப்பதுதான் இயற்கை அடக்கம். இங்கிலாந்தின் கார்லைல் நகர இடுகாட்டில் 1993-ல் கென் வெஸ்ட் என்ற நிர்வாகி இதற்கென்று ஒரு வனப்பகுதியைத் திறந்தார். அமெரிக்காவில் தென் கரோலினாவின் ராம்சே கிரீக் 1998-ல் தொடங்கியது. அங்கே அடக்கமும் காட்டைக் காப்பதும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

பெயரில் இயற்கை இருந்தால் போதாது. சில இடங்களில் ஓர் ஓரத்தை மட்டும் ஒதுக்கி, பெட்டகத்தைத் தவிர்த்துவிட்டு, மற்றபடி களைக்கொல்லியும் வெட்டிய புல்வெளியுமாக வைத்திருப்பார்கள். வேறு சில இடங்களில் நிலமே பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும்; அதைப் பிறகு வீட்டுமனையாக்க முடியாது. இரண்டாவது கிடைத்தால் அதையே எடுங்கள். உங்கள் குழிக்குச் செலவழிக்கும் பணம் ஒரு காட்டைக் காப்பாற்றுகிறது.

இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தனித் தொழில்நுட்பமும் வேண்டாம் என்பதால் பெரும்பாலானோருக்கு எட்டக்கூடிய வழி இதுதான். மற்றவற்றை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே இதை இரண்டாவது விருப்பமாகவாவது எழுதி வையுங்கள்.

நீர்முறை

உடலை எஃகுக் கலனில் வைத்து, ஏறக்குறைய 95 பங்கு நீரும் 5 பங்கு காரமும் சேர்ந்த கரைசலில் சூடாக்குவார்கள். காரம் என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு. அழுத்தத்துடன் 150 டிகிரி செல்சியஸ் வரை போகும் கலன்களில் 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அழுத்தம் இல்லாமல் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கும் கலன்களில் 14 முதல் 20 மணி நேரம். தசையும் கொழுப்பும் அமினோ அமிலங்களாகவும் உப்பாகவும் சோப்புத்தன்மையுள்ள பொருளாகவும் கரைந்துவிடும். எலும்பு மட்டும் மிஞ்சும். அதை உலர்த்திப் பொடியாக்கிக் குடும்பத்திடம் தருவார்கள்.

பல்லில் அடைத்த பாதரசம் இங்கே ஆவியாகிக் காற்றில் கலப்பதில்லை. செயற்கை மூட்டுகள் சேதமில்லாமல் கிடைப்பதால் உலோகத்தை மறுபடி பயன்படுத்தலாம். நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனம் 2011-ல் பல முறைகளை ஒப்பிட்டபோது சுற்றுச்சூழல் பாதிப்பு மிகக் குறைவாக வந்தது இதற்குத்தான். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் காலமானபோது அவர் விருப்பப்படியே இந்த முறை பின்பற்றப்பட்டது.

மிச்சமாகும் நீர் கழிவுநீர்க் குழாயில் விடப்படுகிறது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நீரில் நோய்க்கிருமி இல்லை. மரபணுப் பொருளும் சிதைந்துபோயிருக்கும். ஆனாலும் இது அன்றைக்குத்தான் தெரியவந்தால் பலரால் தாங்க முடிவதில்லை. தாங்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் வேறு வழியைப் பாருங்கள். அது அவர்களுடைய குறை இல்லை.

உரமண்ணாக்குதல்

உடலை மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் போன்றவற்றோடு ஒரு கலனில் வைத்து, காற்றை உள்ளே செலுத்துவார்கள். கார்பனும் நைட்ரஜனும் சரியான விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் தாமாகவே சூட்டைக் கிளப்பும். கலனுக்குள் வெப்பம் 55 டிகிரிக்கு மேல் ஏறி, தொடர்ந்து 72 மணி நேரம் நிற்க வேண்டும். நோய்க்கிருமிகள் அழிவது அப்போதுதான். மிஞ்சும் எலும்புகளை இயந்திரத்தில் நொறுக்கி மறுபடி சேர்ப்பார்கள். கலனில் சில வாரங்கள், பிறகு ஆறவிடச் சில வாரங்கள் என்று மொத்தம் இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும்.

முடிவில் கிடைப்பது ஏறக்குறைய முக்கால் கன மீட்டர் மண். ஒரு சிறு சரக்கு வண்டியின் பின்தட்டை நிரப்பும் அளவு அது. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் குடும்பம் ஒரு கலசத்தை எதிர்பார்த்துப் போய்த் திகைத்து நிற்கும். எவ்வளவு எடுத்துக்கொள்வது, மீதியை எந்தக் காட்டுக்குக் கொடுப்பது என்பதை ஒப்பந்தம் போடும்போதே தீர்மானித்துவிடுங்கள்.

முழு உடல் தானம்

மருத்துவக் கல்விக்கு உதவும் உயர்ந்த செயல். ஆனால் இதை ரசாயனமில்லாத வழி என்று நினைக்காதீர்கள். உடற்கூறியல் துறைகள் பெரும்பாலும் ஃபார்மலின் ஏற்றித்தான் பாதுகாக்கின்றன. படிப்பு முடிந்ததும் பொதுவாக எரித்துவிடுகின்றன. பிரேதப் பரிசோதனை நடந்த உடல், சில தொற்றுநோய்கள் இருந்த உடல், அழுகத் தொடங்கிய உடல் ஆகியவற்றை மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பதிவு செய்தவர்கள் கட்டாயம் இன்னொரு வழியையும் எழுதி வைக்க வேண்டும்.

எரிப்பதுதான் என்றால்

குடும்பமோ நம்பிக்கையோ நெருப்பை விட்டு விலகாது என்றால் அதற்குள்ளேயே பாதிப்பைக் குறைக்கலாம். எரிவாயு உலைகள் 800 முதல் 1,000 டிகிரி வரை சூடாகும். குளிர்ந்த உலையைச் சூடேற்றவே பெரிய அளவு எரிபொருள் போகிறது. அதனால் உலை ஏற்கெனவே சூடாக இருக்கும் நேரத்தில் முறை கிடைக்குமா என்று கேளுங்கள். பாதரச வடிகட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வார்னிஷ் அடித்த பெட்டி, ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் உறை எதுவும் உள்ளே போகக்கூடாது.

திறந்த சிதைக்கு 400 முதல் 600 கிலோ விறகு ஆகும். காற்று அடியிலிருந்து ஏறும்படி உயர்த்திய இரும்புத் தட்டும் புகைபோக்கியும் உள்ள மேடையில் 150 முதல் 200 கிலோவிலேயே முடியும். டெல்லியைச் சேர்ந்த மோட்சதா அமைப்பு இப்படிப்பட்ட மேடைகளை உருவாக்கியிருக்கிறது. விறகைத் தரையில் நெருக்கி அடுக்கும்போது காற்று போதாமல் பாதி வெப்பம் வீணாகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

நம்பி இருக்கக்கூடாதவை

உடலைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அதிர்வில் பொடியாக்கும் முறையை ஸ்வீடனின் உயிரியலாளர் சூசன் வீக்-மசாக் முன்வைத்தார். உலகம் முழுக்கச் செய்தியானது. நடைமுறைக்கு வரவே இல்லை. இன்றும் அதைப் பட்டியலில் சேர்த்து எழுதுகிறார்கள், நீங்கள் சேர்க்காதீர்கள்.

காளான் விதைத்த உடையும் அப்படித்தான். நடிகர் லூக் பெர்ரி 2019-ல் அத்தகைய உடையில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு அதன் பெயர் பரவியது. உடலை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் உடலிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு உடை தேவையில்லை, காற்றும் ஈரமும் சரியான ஆழமும்தான் தேவை. காளான் இழையால் வளர்த்த சவப்பெட்டி வேறு விஷயம். அது மரத்துக்கு மாற்றாகும் உண்மையான பெட்டி. 2020 முதல் நெதர்லாந்தில் பயன்பாட்டில் இருக்கிறது.

4. நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை

நேரில் போங்கள். போகும்போது உங்களோடு வருபவர், இதை அன்றைக்கு முன்னின்று செய்யப்போகிறவராக இருக்கட்டும்.

பதப்படுத்தாத உடலைக் குளிர்ப் பெட்டியில் வைக்கும் வசதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் மற்ற எல்லா வாக்குறுதிகளும் வீண். இரண்டு நாள் தாமதமானாலே "ஊசி போட்டுவிடலாம்" என்று வந்து நிற்பார்கள். அந்த ஊசியில் ஏறும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அது முதலில் பாதிப்பது அதைத் தினமும் கையாளும் தொழிலாளியை.

பிறகு, வேலை எங்கே நடக்கும் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் பதிவை மட்டும் வாங்கிக்கொண்டு உடலை வேறு ஊர் நிலையத்துக்கு அனுப்பும். அந்த நிலையத்தின் பெயரையும் முகவரியையும் வாங்குங்கள். குடும்பம் உடன் இருக்கலாமா, எவ்வளவு நேரம், தாங்களே குழியை மூடலாமா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பசுமை என்ற சொல்லுக்கு மட்டும் விலை கூட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கடல் கடந்து வந்த மூங்கில் கூடையைவிட, பக்கத்தில் அறுத்த வார்னிஷ் இல்லாத பலகைப் பெட்டி நல்லது.

5. எழுதி வையுங்கள், உயிலில் மட்டும் எழுதாதீர்கள்

உயிலைப் பெரும்பாலும் அடக்கத்துக்குப் பிறகுதான் திறக்கிறார்கள். அதில் மட்டும் எழுதப்பட்ட விருப்பம் காலம் கடந்து கண்ணில் படும். இதைவிட அடிக்கடி நேரும் பிழையை நான் பார்த்ததில்லை.

தனித்தாளில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் விருப்பம், அது முடியாவிட்டால் இரண்டாவது, "உடலைப் பதப்படுத்தக் கூடாது" என்ற ஒரு வரி, நடத்துபவரின் தொலைபேசி எண், இரண்டாவது படியில் திரட்டிய மருத்துவ விவரம். இறுதி ஏற்பாட்டைத் தீர்மானிக்கும் சட்டப்படியான உரிமை யாருக்கு என்று பாருங்கள். சில நாடுகளில் அதற்கென ஒருவரை நியமிக்கலாம். சில நாடுகளில் இறந்தவரின் விருப்பம் வாரிசுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாத இடங்களில் தாளைவிடப் பேச்சுக்குத்தான் பலம் அதிகம். மனம் ஒப்பாத உறவினரிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். சடங்குகளில் எதை விடமாட்டார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான சடங்குகளை இந்த வழிகளோடு சேர்த்தே செய்ய முடியும்.

பிரதிகளை மூன்று இடத்தில் கொடுங்கள்: முன்னின்று செய்பவரிடம், மருத்துவரின் கோப்பில், வீட்டில் எளிதில் கைக்கு எட்டும் இடத்தில். வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் சட்டமும் மாறும், நடத்துபவரும் தொழிலை விட்டுப் போகலாம்.

6. முதல் சில மணி நேரம்

மரணத்தை மருத்துவர் உறுதி செய்து சான்று தரும்வரை உடலை எங்கும் கொண்டுபோகாதீர்கள். சந்தேகத்துக்கு இடமான மரணம், விபத்து, திடீர் மரணம் என்றால் காவல் துறையும் பிரேதப் பரிசோதனையும் வரும். அப்போது உங்கள் திட்டம் சில நாள் தள்ளிப்போகும். இயற்கை அடக்கமும் எரிப்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகும் சாத்தியம்தான்.

மருத்துவமனையில் இறந்தால், பிணவறைப் பொறுப்பாளரிடம் "பதப்படுத்த வேண்டாம், குளிரூட்டினால் போதும்" என்று உடனே சொல்லுங்கள். உடலோடு போகும் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். கேட்காமலே செய்துவிடும் இடங்கள் இருக்கின்றன. ரசாயனம் ஒருமுறை ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதன்பின் பெரும்பாலான இயற்கை இடுகாடுகளும் உரமாக்கும் நிலையங்களும் உடலை ஏற்காது.

வீட்டில் என்றால் வேலை குளிர்விப்பதுதான். சிதைவு முதலில் குடலில் தொடங்குகிறது. அதனால் பனிக்கட்டியை வயிற்றின் மேலும் முதுகின் கீழும் முதலில் வையுங்கள், கை கால் பிறகு. நீர் ஒழுகாத உறையில் கட்டி, துணி சுற்றி வைக்க வேண்டும். ஈரம் உடலில் பட்டால் தோல் சீக்கிரம் கெடும். உருகுவதற்கு முன் மாற்றிக்கொண்டே இருங்கள். அறையை இயன்ற அளவு குளிர்ச்சியாக வைத்து, கனத்த போர்வைகளை எடுத்துவிடுங்கள். குளிர்ப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும் இடமென்றால் அதுவே எளிது.

உலர்பனி (டிரை ஐஸ்) அதிக நேரம் தாங்கும், ஆனால் இரண்டு எச்சரிக்கை. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். தடித்த கையுறை போடுங்கள். அதிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். சன்னல் திறந்திருக்கட்டும், அந்த அறையில் தரையில் யாரும் படுத்துத் தூங்கக்கூடாது.

கழுவி உடுத்துவதை ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், பாதி நாளில் முழுவதும் விறைத்துவிடும். இரண்டாம் நாளில் தளரத் தொடங்கும், ஆனால் அதற்காகக் காத்திருந்தால் மற்ற வேலைகள் தடைபடும். தொற்றுநோயால் இறந்தவராக இருந்தால் சுகாதார அலுவலர் சொல்லாமல் கழுவாதீர்கள்.

7. துணியும் பெட்டியும்

ஒவ்வொரு வழிக்கும் துணி வேறு. இது தெரியாமல் தவறான துணியை எடுத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம்.

இயற்கை அடக்கத்துக்குப் பருத்தி, லினன், கம்பளி, பட்டு எல்லாம் பொருந்தும். பாலியெஸ்டர் கலந்த எதுவும் வேண்டாம். அது உடல் மக்கிய பிறகும் கிடக்கும். தையல் நூல்கூடப் பாலியெஸ்டராக இருக்கும், கவனியுங்கள். பட்டன், ஜிப், எலாஸ்டிக் ஆகியவற்றை வெட்டி எடுங்கள்.

நீர்முறைக்குப் பருத்தி ஆகாது. காரக் கரைசல் புரதத்தைத்தான் கரைக்கும். பருத்தி செல்லுலோஸ் என்பதால் கலனிலேயே தங்கிவிடும். பட்டு, கம்பளி, தோல் ஆகியவை கரையும். உரமாக்கும் நிலையங்கள் தங்கள் துணியையே தரும், நீங்கள் எதையும் வாங்கத் தேவையில்லை.

துணியில் மட்டும் சுற்றுவதாக இருந்தால் முதுகுக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். பலகை இல்லாமல் இறக்கும்போது உடல் நடுவில் மடங்கும். பார்த்தவர்களின் மனத்தை விட்டு அந்தக் காட்சி நெடுநாள் போகாது. இறக்கும் கயிறோ பட்டையோ குறைந்தது மூன்று இடத்தில் வர வேண்டும்: தோள், இடுப்பு, முழங்கால்.

8. குழியும் மண்ணும்

இயற்கை அடக்கத்தின் பலன் முழுவதும் குழியில்தான் இருக்கிறது. ஆறடி ஆழம் என்ற பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும். அங்கே காற்றும் நுண்ணுயிரும் குறைவு. உடல் மக்காமல் பல ஆண்டு கிடக்கும். மூன்று முதல் நான்கடி போதும். உடலுக்கு மேல் மண் குறைந்தது ஒன்றரை அடி இருந்தால் வாடை வெளியே வராது, விலங்குகளும் தோண்டாது. உள்ளூர் விதி அதற்கு மேல் கேட்டால் அதன்படியே செய்யுங்கள்.

இடம் தேர்வதில் தண்ணீர்தான் முதல் கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு அறிக்கை, குடிநீர் எடுக்கும் கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஊற்று ஆகியவற்றிலிருந்து 250 மீட்டர் விலகியும், மற்ற நீரோட்டங்களிலிருந்து 30 மீட்டர் விலகியும் இருக்கச் சொல்கிறது. குழியின் அடியில் நீர் ஊறினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீர் தேங்கும் மண்ணில் காற்று இல்லாததால் கொழுப்பு மெழுகுபோல் இறுகி, சிதைவே நின்றுபோகும். மழைக்காலத்தில் ஒருமுறை சோதனைக் குழி தோண்டிப் பார்த்தால்தான் இது தெரியும். கோடையில் எல்லா நிலமும் உலர்ந்துதான் இருக்கும்.

தோண்டும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போடுங்கள். திரும்ப மூடும்போது அடிமண் கீழே, மேல்மண் மேலே. உயிருள்ள மண் மேல் ஓரடிதான். அதைப் புதைத்துவிட்டு அடிமண்ணை மேலே பரப்பினால் அங்கே பல ஆண்டு எதுவும் சரியாக முளைக்காது.

குழியின் அடியில் சுள்ளியும் காய்ந்த இலையும் ஒரு படுகையாகப் போடுங்கள். உடலின் மேலும் பக்கத்திலும் கொஞ்சம். காற்றுக்கு இடைவெளியும் நைட்ரஜனுக்கு ஈடான கார்பனும் இதிலிருந்து கிடைக்கும். களிமண் நிலத்தில் இது மிகவும் அவசியம், மணல் கலந்த நிலத்தில் கொஞ்சம் போதும்.

மண்ணை மிதித்து இறுக்காதீர்கள். மேடாகக் குவித்து விடுங்கள். மாதங்கள் போகப் போக அது தானாகவே அமுங்கிச் சமமாகும். அன்றே சமப்படுத்தினால் பிறகு பள்ளமாகி மழைநீர் தேங்கும். பிளாஸ்டிக் பூ, நுரைப்பஞ்சில் குத்திய மலர்வளையம், கம்பி கட்டிய மாலை எதையும் உள்ளே போட விடாதீர்கள். வருகிறவர்களுக்கு முன்னதாகவே சொல்லியனுப்புவது நல்லது. அந்த இடத்தில் வைத்துத் தடுப்பது யாருக்கும் முடியாது.

9. சாம்பலும் உரமண்ணும் செடியும்

எரித்த சாம்பலை அப்படியே வேரடியில் கொட்டி மரம் நடுவதுதான் எல்லோரும் செய்வது, மரம் பட்டுப்போவதுதான் எல்லோருக்கும் நடப்பது. சாம்பலில் கால்சியம் பாஸ்பேட் அதிகம், கூடவே உப்பும் கடுமையான காரத்தன்மையும். வேர் அதைத் தாங்காது. சாம்பலைப் பலமடங்கு மண்ணோடும் மக்கிய உரத்தோடும் கலந்து சில மாதம் விட்டு நடுங்கள். அல்லது பரந்த இடத்தில் மிக மெல்லியதாகத் தூவுங்கள். நீர்முறையில் கிடைக்கும் எலும்புப்பொடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் அளவு எரித்த சாம்பலைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கும், கலசத்தைப் பெரிதாகக் கொண்டுபோங்கள்.

கடலில் கரைப்பதற்கும் விதி உண்டு. அமெரிக்காவில் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தள்ளித்தான் கரைக்கலாம். கலசம் கரையாத பொருளென்றால் அதைக் கடலில் விடாமல் திரும்ப எடுத்து வாருங்கள்.

உரமண்ணைச் செடிக்கு நேரடியாகப் போடலாம், ஆனால் ஒரே மரத்தைச் சுற்றிக் குவிக்காதீர்கள். பல மரங்களுக்கு, தண்டைத் தொடாமல், கிளை நிழல் விழும் ஓரத்தில் பரப்புங்கள்.

அடக்கம் செய்த குழியின் மேல் மரம் நட ஆசைப்பட்டால் ஒரு மழைக்காலம் கழியட்டும். மண் அமுங்கும்போது இளங்கன்று சாயும், வேர் அறும். அந்த நிலத்துக்கே உரிய மரமாகத் தேர்ந்தெடுங்கள். நடுவதைக் குழியின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் செய்யுங்கள். கல் நட அனுமதி இல்லாத இடுகாடுகளில் குழியின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைபேசியில் குறித்து, அவர்கள் தரும் வரைபடத்தோடு வீட்டில் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். முதல் இரண்டு கோடைக்குக் கன்றுக்குத் தண்ணீர் விடப்போவது யார் என்பதை நடும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள். இடுகாட்டு ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட கன்றுகள்தான் அதிகம் காய்ந்துபோகின்றன.